தந்ததெண்டு எழுதுங்கோ

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்காவைப் பற்றி நல்லபடியாகக் கதைத்தவர்கள் குறைவு. "குடுப்பா, ஆனா சொல்லிக் காட்டுவா" என்பதுதான் அவருக்கு விழுந்த பெயர். எங்கள் ஈழத்துச் சனத்துக்குள் இதைவிட மோசமான பெயர் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது கடினம். கஞ்சம் என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். கொடுத்துவிட்டு வாயைத் திறக்கிறவரை மன்னிக்கமாட்டார்கள்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இந்தத் தெருவுக்கு நான் குடிவந்த முதல் கிழமையில், எதிர்வீட்டு மேல்மாடியிலிருந்து படியிறங்கி வந்து ஒரு சட்டி நிறையக் கத்தரிக்காய்க் குழம்பு தந்தார். கட்டையான உருவம். தடித்த கண்ணாடி. ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் நிலையத்தில் வேலை செய்து வெடித்துப்போன விரல்கள்.

"சட்டியையும் சேர்த்துத்தான் தாறன். திருப்பித் தர வேண்டாம்" என்றார்.

நான் நன்றி சொன்னேன். அவர் போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"ஆராவது கேட்டா, எதிர்வீட்டு அக்கா தந்தவ எண்டு சொல்லும். கடையிலை வாங்கினது எண்டு சொல்லிப்போடாதையும், என்ன?"

குழம்பு நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வசனம் தொண்டையில் முள்ளாக நின்றது. இது என்ன மனுசி என்று நினைத்துக்கொண்டேன்.

போகப்போகத்தான் அவருடைய கணக்கு பிடிபட்டது. ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக அவருக்குப் பல வழிகள் இருந்தன. விலைக்குப் போவது ஒன்று. இரவலாகப் போவது ஒன்று. மறந்து விட்டுவிட்டுப் போவது, பறிபோவது, தருவது எல்லாம் வேறு வேறு. இவற்றில் ஒன்றை மற்றொன்றின் பெயரால் அழைத்தால் அவரால் தாங்க முடியாது. உப்பைச் சீனி என்று சொன்னதுபோல முகம் கோணும்.

ஒருமுறை, பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்கு எடுத்த சாமத்திய வீட்டில் நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மண்டபம் நிறையச் சனம். பெண்பிள்ளை இரண்டாவது முறை சீலை மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்தது. அரக்கு நிறத்தில் நல்ல வடிவான காஞ்சிபுரம். முன்வரிசையில் யாரோ கேட்க, பிள்ளையின் தாய், "டோர்ட்மண்டிலை எடுத்தனாங்கள், சரியான விலை" என்றார். இரண்டு கதிரை தள்ளி இருந்த அக்கா எழும்பினார்.

"அது நான் குடுத்த சீலை."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. தாயின் முகம் சுண்டிப்போனது. படம் எடுப்பவர்கூடக் கமெராவை இறக்கிவிட்டார். அன்றைக்குப் பிறகு அந்தக் குடும்பம் அவரோடு கதைக்கவில்லை.

வெளியே மேலங்கிகள் தொங்கவிட்ட இடத்தில் அவரைக் கண்டேன். தன் அங்கியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா இப்பிடி? ஒரு சீலைக்காக..."

"பிள்ளை, நான் திருப்பிக் கேட்டனானே?"

"இல்லை."

"இனியும் கேக்க மாட்டன். கிழிச்சுத் தரையைத் துடைச்சாலும் கேக்க மாட்டன். ஆனா நான் குடுத்ததை ஏன் கடை குடுத்தது எண்டு சொல்லுவான்?"

அவர் அந்த நேரம் தேடியெடுத்துப் போட்டுக்கொண்ட அங்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். நீலக் கம்பளி அங்கி. பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா ஒரு பனிக்காலத்தில் கொடுத்தது. யாராவது "நல்ல அங்கி" என்றால் போதும், "அந்த அம்மா தந்தது" என்பார். அந்த அம்மா இறந்து, அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்த பிறகும் அதையே சொன்னார். வெறுமனே "ஓம், நல்ல அங்கிதான்" என்று விட்டதை நான் கேட்டதில்லை.

பொருள் மட்டுமல்ல. வேலையிடத்தில் அவருக்கு ஜெர்மன் பழக்கியது கூட வேலை செய்த ஒரு துருக்கிக்காரி. அக்கா அறிந்த ஜெர்மன் கொஞ்சம்தான். வேலை முடிகிற நேரத்தை இங்கே ஃபையராபெண்ட் என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அக்காவின் முகம் கனியும். "வடிவான சொல்லு. துருக்கிக்காரி தந்தவ" என்பார். யாரும் ஒரு சொல்லைத் 'தந்தது' என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. தான் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறவர் என்று அவரைப் பழித்தவர்கள், தான் வாங்கியதையும் அவர் அதே குரலில் சொன்னதைக் கவனிக்கவில்லை. நானும் கனகாலம் கவனிக்கவில்லை.

அவர் இருந்த வீடு மலைச்சரிவில் நின்ற பழைய மூன்று மாடி வீடு. கீழே அவருடைய தம்பியின் குடும்பம். நடுவில் வாடகைக்கு இருந்தவர்கள். மேலே கூரைச் சரிவின் கீழ் அவர். அவர் கலியாணம் செய்யவில்லை. ஜெர்மனிக்கு முதலில் வந்தது தம்பிதான். அக்காவை அவர்தான் கூப்பிட்டார். இதையும் அக்கா எல்லாரிடமும் சொல்லுவார். "என்னை இஞ்சை கூப்பிட்டது தம்பி. அவன் கூப்பிடாட்டி நான் எங்கை?"

அந்த வீட்டை ஊரில் உள்ளவர்களும் சரி, தெருவில் உள்ளவர்களும் சரி, தம்பியின் வீடு என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் நீதிமன்றங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் சத்தியம் செய்து தமிழுக்கும் ஜெர்மனுக்கும் மொழிபெயர்க்கிறவள்.

"வீட்டிலை பாதி அக்காவின்ரை பேரிலை கிடக்கு. அதை என்ரை பேருக்கு மாத்தப் போறம். உறுதிப்பத்திரம் எழுதுற நோட்டாரிட்டை டெர்மின் எடுத்தாச்சு, நாளும் நேரமும் தந்திட்டார். அக்காவுக்கு ஜெர்மன் விளங்காது, மொழிபெயர்க்க ஆள் வேணுமெண்டு நிக்கிறார். சின்ன வேலைதான்" என்றார்.

ஏன் மாற்றவேண்டும் என்பதையும் அவரே சொன்னார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் காலமானால் அவருடைய பாதி எல்லாச் சகோதரங்களுக்கும் பிரியும். ஒருவர் கனடாவில், ஒருவர் ஊரில். பிறகு கையெழுத்துகளுக்கு அலைய வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் ஒரு பெயரில் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. நியாயமான கதைதான். அக்காவைக் கேட்டேன். "ஓம் பிள்ளை, குடுக்கத்தானே வேணும். அவன்ரை பிள்ளையள் என்ரை பிள்ளையள்" என்றார். ஒரு பேச்சு மறு பேச்சு இல்லை.

நோட்டார் எழுதிய வரைவை எனக்கு முன்கூட்டியே அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கேட்டேன். வரவில்லை. அக்காவுக்கு வந்த பிரதியையும் தம்பி, "நான் வாசிச்சிட்டன், எல்லாம் சரி" என்று சொல்லி வாங்கி வைத்திருந்தார்.

ஊரில் காணி உறுதிப்பத்திரம் எழுதும்போது நொத்தாரிசு காட்டிய இடத்தில் கையெழுத்தை வைத்துவிட்டு வருகிறவர்களே அதிகம். ஜெர்மனியில் வேறு வழக்கம். வீடு கைமாறுவது என்றால், உறுதியின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நோட்டார் வாய்விட்டு வாசிக்க வேண்டும். எல்லாரும் இருந்து கேட்க வேண்டும். மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல வேண்டும். பலருக்கு இது சலிப்பூட்டும் சடங்கு. அக்காவுக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போனது. "எல்லாத்தையும் சத்தமா வாசிப்பினமோ? நல்ல பழக்கம்" என்று படியேறும்போது சொன்னார். நல்ல சீலை உடுத்து, மேலே அந்த நீல அங்கியைப் போட்டிருந்தார்.

நோட்டார் வயதானவர். ஓட்டுப் பீலியில் மழைத் தண்ணீர் ஓடுவதுபோல ஒரே சீராக வாசித்தார். நான் இடையிடையே நிறுத்தச் சொல்லித் தமிழில் சொன்னேன். பெயர்கள், பிறந்த திகதிகள், வீட்டின் எல்லை, பதிவேட்டு விபரம். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு முன்குறிப்பு என்ற பகுதி வந்தது. நோட்டார் வாசிக்கும்போதே அக்கா இதை ஏற்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் மொழிபெயர்க்கிறவள் வசனத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சொன்னேன்.

"இந்த வீடு முழுவதும் தம்பியின் சொந்த உழைப்பில் வாங்கப்பட்டது. வங்கிக் கடன் கிடைப்பதற்காக மட்டுமே அக்காவின் பெயர் ஒப்புக்குப் பதியப்பட்டது. அவருக்கு இந்த வீட்டில் உண்மையில் எந்தப் பங்கும் இருந்ததில்லை. இருப்பதாகக் கருதக்கூடிய எல்லா உரிமைகளையும் அவர் இத்தால் கைவிடுகிறார்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் சரியாத்தான் சொல்லுறீரோ?"

"ஓம் அக்கா."

"இன்னொருக்காச் சொல்லும்."

சொன்னேன். அவர் மேசையில் வைத்திருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது பொய். நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

தம்பி குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "அக்கா, அது சும்மா எழுத்துக்கு."

"சும்மாவெண்டா ஏன் எழுதினது?"

"வரி வராமல் இருக்கத்தான் அக்கா. தெரிஞ்ச ஒராள் இப்பிடி எழுதச் சொன்னவர். உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை."

நோட்டார் வாசிப்பை நிறுத்தியிருந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் இரண்டு பேரும் சொன்னதைச் சொன்னேன். தம்பி என்னை முறைத்தார். என்ன செய்ய, அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டது. நோட்டார் கண்ணாடியைக் கழற்றிக் கடதாசியின் மேல் வைத்தார்.

"இது உண்மையில்லை என்று இந்த அம்மா சொன்ன பிறகு நான் இதை மேற்கொண்டு வாசிக்க முடியாது" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். அக்காவின் பாதி அவருடைய சொந்தப் பாதி என்றால், அதைத் தம்பிக்குக் கொடுப்பது நன்கொடை. நன்கொடை என்று எழுதினால் வரிக் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும். சகோதரங்களுக்கிடையில் நன்கொடை வரி இலேசானதல்ல. அதைத் தம்பிதான் கட்ட வேண்டி வரும்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அக்கா தம்பியைப் பார்த்தார்.

"வரி வந்தாக் கட்டு ராசா. தந்ததுக்குத்தானே வரி கேக்கிறான். தராததுக்கு ஆர் வரி கேப்பான்?"

"எத்தினை வருசம் கட்டவேணும் எண்டு தெரியுமோ உங்களுக்கு? வீட்டைத் தர மனமில்லையெண்டா நேரை சொல்லுங்கோ!"

"தாறன் எண்டுதான் வெளிக்கிட்டு வந்தனான். நீதான் தர விடுறாய் இல்லை."

தம்பி எழும்பி வெளியே போனார். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். எங்களை ஏற்றி வந்த காரை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் இருவரும் தொங்கு ரயிலில் வீடு திரும்பினோம். ஆற்றுக்கு மேலே பெட்டி ஆடி ஆடிப் போனது. அவர் யன்னல் பக்கம் இருந்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"ஊரிலை எனக்கெண்டு ஒரு சீதனக் காணி இருந்தது, பிள்ளை. அதை வித்துத்தான் இவனை வெளிநாட்டுக்கு அனுப்பினது. நான்தான் அப்புவிட்டை வில்லுங்கோ எண்டனான். அம்மா அதை வெளியிலை சொல்ல விரும்பேல்லை. பொம்பிளைப் பிள்ளையின்ரை காணியை வித்தது எண்டு சனம் கதைக்குமாம். 'சண்டையிலை போட்டுது' எண்டு எல்லாருக்கும் சொன்னா. நான் குடுத்தது சண்டையிலை போனதாப் போச்சு."

"தம்பிக்குத் தெரியுமோ?"

"அவன் அப்ப சின்னப் பெடியன். அவனுக்கும் அப்பிடித்தான் சொன்னது. காசு கடன்பட்டது எண்டவை."

"நீங்கள் சொல்லேல்லையோ?"

"அம்மா இருக்கும் மட்டும் எப்பிடிச் சொல்லுறது? பிறகு சொல்ல வெக்கமாக் கிடந்தது."

அந்த வீட்டை வாங்கியபோது நடந்ததையும் சொன்னார். தம்பி ஒரு சமையற்கூடத்தில் வேலை செய்தார், அக்கா துணி தோய்க்கும் இடத்தில். இருவரின் சம்பளமும் சேர்ந்தால்தான் வங்கி கடன் தரும் என்றது. இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். கடன் முடியும்வரை இரண்டு பேரும் கட்டினார்கள். அவ்வளவுதான். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. தம்பிக்குக் கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். விருந்தினர் வந்தால் கீழ்வீட்டில்தான் இருந்தார்கள். மேல்வீட்டுக்கு யார் படியேறி வருவார்கள்? பார்க்கிறவர்களுக்கு அது தம்பியின் வீடாகிப் போனது.

சில கிழமை கழித்து அக்கா என்னை ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போகச் சொன்னார். வழக்குப் போடப்போகிறார் என்று நினைத்தேன். தெருவிலும் அப்படித்தான் கதை பரவியிருந்தது. கூடப்பிறந்தவனையே கோட்டுக்கு இழுக்கிறாள் என்றார்கள்.

சட்டத்தரணி இளவயதுப் பெண். கதையைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். "உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. பதிவேட்டில் பாதி உங்கள் பெயரில். நீங்கள் ஒன்றுக்கும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. அந்தப் பாதியின் பெறுமதியைக்கூட நீங்கள் கேட்கலாம்" என்றார்.

நான் சொல்லி முடிக்குமுன்னே அக்கா கையை ஆட்டினார்.

"இல்லை, இல்லை. நான் குடுக்கப் போறன். குடுக்கிறதைச் சரியா எழுதித் தரச் சொல்லுங்கோ. அதுக்குத்தான் வந்தனான்."

சட்டத்தரணி எழுதுகோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தவறாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது பெற்றுக்கொள்ளத்தான் வருவார்கள்" என்றார் கடைசியில். "சரி, எழுதுவோம். ஆனால் நீங்கள் சாகும்வரை அந்த மேல்மாடியில் இருப்பதற்கு ஓர் உரிமையைச் சேர்த்துப் பதியலாம். இல்லாவிட்டால் நாளைக்கு அவர்கள் உங்களை வெளியேற்றினால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இதைக் கட்டாயம் கேளுங்கள்."

நான் அந்த வசனத்தைத் தேவைக்கு மேல் அழுத்தித்தான் சொன்னேன். அவர் அந்த உரிமையைக் கேட்க வேண்டுமென்று எனக்கு ஆசை. ஆனால் யோசனை சொல்வது என் வேலையல்ல.

அக்கா யோசித்தார். "அது வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"நான் கேட்டு அவன் எழுதினா, அது அவன் தந்ததாகாது. நான் வாங்கினதாத்தான் போகும்."

சட்டத்தரணி தலையை அசைத்தபடி எழுதினார். எனக்கு அன்றைக்கு அவர்மீது கோபம் வந்தது. இந்த வயதில் கூரையைக்கூட ஒரு சொல்லுக்காக விட்டுக்கொடுப்பதா? திரும்பும் வழியில் சொல்லியும் பார்த்தேன். "நீர் நல்லதுக்குத்தான் சொல்லுறீர்" என்றாரே தவிர அசையவில்லை. சட்டத்தரணி எழுதியதை நோட்டாருக்கும் தம்பிக்கும் அனுப்பினார்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் கதைக்கவில்லை. விடியவே எழும்பி வீட்டு முன்படியில் பனி வழித்து, வழுக்காமல் இருக்க உப்புப் போடுவது எப்போதும் அக்காதான். அந்த வருடமும் போட்டார். தம்பியின் மனைவி மட்டும் இடைக்கிடை சோறு கொண்டுபோய் மேல்படியில் வைத்துவிட்டு இறங்குவார் என்று கேள்விப்பட்டேன். "தம்பி பெண்சாதி புட்டுத் தந்தவ" என்று அக்கா என்னிடம் சொன்னார். அதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி என் வீட்டுக்கு வந்தார். பெரிய உருவம். சமையற்கூட வேலையில் முதுகு வளைந்திருந்தது. இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"நீங்கள்தானே அக்காவை ஏத்திவிட்டது?"

"அண்ணை, நான் அவ சொன்னதைத்தான் ஜெர்மனிலை சொன்னனான். ஒரு சொல்லுக் கூடவோ குறையவோ சொல்லேல்லை."

அவர் யன்னலுக்கு வெளியே தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார்.

"நான் அவவை ஏமாத்தோணும் எண்டு நினைக்கேல்லை. எல்லாச் சனமும் தம்பியின்ரை வீடு, தம்பியின்ரை வீடு எண்டு சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டன். அந்த வசனத்தை எழுதேக்கை பொய் எழுதிறன் எண்டே எனக்குப் படேல்லை. அவ சொன்னாப் பிறகுதான்..."

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார். சீதனக் காணியைப் பற்றி அவருக்குச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அது நான் சொல்லக்கூடிய கதை அல்ல. விட்டுவிட்டேன்.

"நோட்டாரிட்டைத் திரும்பவும் டெர்மின் எடுத்தாச்சு, நீங்கள்தான் வரவேணும்" என்று எழும்பினார். "வேறை ஆள் வேண்டாம்."

இரண்டாவது முறை நோட்டாரிடம் போனபோது அக்காவும் தம்பியும் ஒரே காரில் வந்தார்கள். வழியில் கதைத்தார்களோ தெரியாது. மேசையில் இருவருக்கும் நடுவில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டு இருந்தார்கள். நோட்டார் வாசிக்கத் தொடங்கினார். பெயர்கள், திகதிகள், எல்லைகள். முன்குறிப்பு வந்தது. இந்த வீட்டை அக்காவும் தம்பியும் தங்கள் இருவரின் உழைப்பிலும் சரிபாதியாக வாங்கினார்கள். அக்கா தனக்குச் சொந்தமான பாதியை, தன் சுயவிருப்பத்தில், தன் தம்பிக்கு நன்கொடையாகத் தருகிறார்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். திரும்பச் சொல்லச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

நோட்டார் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் எதிர்பார்க்காத ஒரு பகுதி வந்தது. அக்கா வாழும் காலம்வரை மேல்மாடி முழுவதிலும் வாடகையின்றி இருக்கும் உரிமையுடையவர். இந்த உரிமை பதிவேட்டில் பதியப்படும். வீடு யார் கைக்கு மாறினாலும் இது மாறாது.

நான் தமிழில் சொன்னதும் அக்கா கண்ணைத் திறந்தார்.

"இதை ஆர் எழுதச் சொன்னது? நான் கேக்கேல்லையே."

நான் நோட்டாரிடம் கேட்டேன். "இவருடைய சகோதரன் எழுதச் சொன்னார்" என்றார்.

குடியிருப்பு உரிமையைச் சேர்த்தால் நன்கொடையின் பெறுமதி குறையும், வரியும் கொஞ்சம் குறையும். இந்தத் தொழிலில் இருப்பதால் எனக்கு அது தெரியும். யாரோ தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. அவர் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையைத் தொட்டார்.

"அதையும் தம்பி தந்ததெண்டு எழுதுங்கோ எண்டு சொல்லும்."

நான் சொன்னேன். நோட்டார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டப்படி அது தேவையில்லை என்று சொல்லத் தொடங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, பேனாவை எடுத்து அந்த வசனத்தின் ஓரத்தில் இரண்டு சொற்களைச் சேர்த்தார். அதையும் வாய்விட்டு வாசித்தார். நானும் சொன்னேன்.

இனிக் கையெழுத்துத்தான். அதற்கு முன் நோட்டார் தம்பியின் பக்கம் திரும்பினார். நன்கொடை என்றால் தருகிறவர் தந்தால் மட்டும் போதாது, பெறுகிறவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். உங்கள் சகோதரி தரும் இந்த நன்கொடையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

தம்பிக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். நான் அங்கே இருந்தது அவருக்காக அல்ல. முதல்முறையும் இந்த முறையும் நோட்டார் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் நேராக ஜெர்மனிலேயே பதில் சொல்லியிருந்தார். இப்போது மேசையில் கிடந்த உறுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டார் கேள்வியை இன்னொருமுறை கேட்டார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. வெறும் கதிரையைத் தாண்டி இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஓம் அக்கா" என்றார்.

நோட்டார் என்னைப் பார்த்தார்.

"யா" என்றேன். ஓம் என்பதற்கு ஜெர்மன் அவ்வளவுதான். அக்கா என்பதற்கு அந்தக் கடதாசியில் இடம் இருக்கவில்லை.

கையெழுத்து வைத்தார்கள். அக்கா தமிழில்தான் வைத்தார். ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல்.

வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. தம்பி அதைத் தவணை முறையில் கட்டினார். கோயிலில் கண்டால் அதைப் பற்றி முறைப்பட்டுக்கொள்வார். ஆனால், "அக்கா தந்த பாதிக்கு வரி கட்டுறன்" என்றுதான் சொல்லி முறைப்படுவார். கேட்டவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். காணிக் கதையை அக்கா அவருக்குச் சொன்னாரா, சொல்லாமலே போனாரா என்பது எனக்குத் தெரியவரவில்லை.

அதன் பின் சில வருடங்கள் அக்கா அந்த மேல்மாடியில்தான் இருந்தார். அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. எனக்கு அவரை நினைக்கும்போது நோட்டாரின் மேசை நினைவுக்கு வருவதில்லை. வேறொரு நாள்தான் வருகிறது.

நடுமாடிக்கு ஒரு புதுத் தமிழ்க் குடும்பம் வாடகைக்கு வந்திருந்தது. நான் அக்காவின் கடைச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் படியேறிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்த இளம் பெண் வழிவிட்டு நின்று, மரியாதையாகக் கேட்டாள்.

"இது உங்கடை வீடோ அக்கா?"

அக்காவின் அடுத்த வசனம் "பாதி நான் குடுத்தது" என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். அதைக் கேட்டு இந்தப் பெண்ணும் தெருவில் உள்ள மற்றவர்களைப்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இல்லைப் பிள்ளை" என்றார் அக்கா. "தம்பியின்ரை வீடு. நான் மேலை இருக்கிறன்."

நான் காத்து நின்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.